இனம், வசிப்பிடம்

துவாஸ் தெற்கில் கடலடியில் தூண் இறக்கும்
மிதவையின் கூரைமேல் எனக்கொரு நாற்காலி,
தூரநோக்கி, நனைத்த கழுத்துத்துண்டு.
வேலை, பார்ப்பது.
ஓங்கில் ஒன்று ஐந்நூறு மீட்டருக்குள் வந்தால்
சம்மட்டியை நிறுத்தச் சொல்வது.
கடைசியாய்க் கண்டு அரைமணி ஆனபின்
அடிக்கச் சொல்வது.

படிவத்தின் முதல் கட்டம்: இனம்.
என் அடையாள அட்டையிலும் அந்தச் சொல் உண்டு.
அதை நான் பிறந்த வாரமே யாரோ நிரப்பிவிட்டார்கள்.
இதை நான் நிரப்ப வேண்டும்,
ஒன்றரை வினாடி தெரிகிற முதுகை வைத்து.

முதுகில் திமில் என்றால் கூன்முதுகு.
பிறக்கையில் சாம்பல்,
வயதேற ஏற
பண்டுங் குடித்த கோப்பையின் அடியில் தங்குமே
அந்த ரோஜா நிறம்.
கலங்கிய கரையோரம் போதும் அதற்கு.
கொக்கிபோல் துடுப்பு, குட்டையான அலகு என்றால்
போத்தல்மூக்கு.
படகின் முன்நுரையில் ஓசிச் சவாரி செய்யும்,
செந்தோசாவின் கண்ணாடி வீடுகளைத் தாண்டி.
முதுகுத்துடுப்பே இல்லாமல் ஒன்று
எண்ணெய்போல் வழுக்கி மறைந்தால்
அது ஓங்கிலே அல்ல, பங்காளி வீட்டுப் பிள்ளை.
அதற்குத் தனிக் கட்டம்.

சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் நேரம்
குல்னாக்காரர் மொஃபிஸுல் படிவத்தை எட்டிப் பார்த்தார்.
"எங்கள் சுசுக் இதில் இல்லையே அக்கா?"
ஆற்றில் வாழ்வது; சேற்றில் கண்ணுக்கு வேலையில்லை;
ஒருக்களித்து நீந்தும்,
ஒலி எறிந்து வழி கேட்கும்.
மூச்சுவிடும் சத்தம்தான் பெயராம்.
இருட்டில், தோணியில், அவர் காதுக்கருகே
சுசுக்.

மின் தூ சிரித்தார். ஐராவதி அவர் ஆறு.
அங்கே மொட்டைத்தலை ஓங்கில்
மீனைப் படகுக்கு விரட்டித் தரும்,
வாலை அசைத்து, வலை வீசு என்னும்.
"பங்கு கேட்குமா?"
"கேட்காது. வலைக்குத் தப்பியது அதற்கு."
சம்பளச் சீட்டை நாலாய் மடித்துப்
பைக்குள் வைத்தபடி சொன்னார்.

திமிங்கிலத்தையே கொல்லும் கருப்பு வெள்ளைக்காரனும்
இந்தக் குடும்பம்தான் என்றேன்,
பனிக்கடலில் இருக்கிறான்.
ஒருவரும் நம்பவில்லை.
மேற்பார்வையாளர் ஷியோங் மட்டும் சாப்பிட்டு முடித்து,
"யாங்சியில் வெள்ளையாய் ஒன்று இருந்தது" என்றார்.
இருந்தது என்ற சொல்லைக்
கரண்டியோடு கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மூன்று பத்துக்கு வந்தன.
ரோஜா இரண்டு, நடுவில் சாம்பலாய்ச் சிறிசு.
"நிறுத்து" என்றேன் வாக்கி டாக்கியில்.
சம்மட்டி நின்றது.
அதன்பிறகுதான்
காலையிலிருந்து பல்லைக் கடித்தபடி இருந்தது தெரிந்தது.
எண்ணெய்க் கப்பல்கள், புக்கோம் தீவின் புகைபோக்கி,
எல்லாவற்றுக்கும் நடுவே
மூச்சு, மூச்சு, அப்புறம் குட்டி மூச்சு.
கம்பித் தடுப்போரம் பதினேழு மஞ்சள் தொப்பிகள்.
கைப்பேசி எடுக்கத் தடை,
அதனால் எல்லாரும் பார்த்தார்கள்.

நாலு நிமிடம். கிழக்கே போய்விட்டன.
கடிகாரத்தை ஓடவிட்டேன்.
தொப்பிகள் நிழல் தேடின.
மொஃபிஸுல் கயிற்றுச் சுருளில் தலை சாய்த்து
ஒருக்களித்து உறங்கினார்.

இருபத்தெட்டாம் நிமிடம்
நீரில் எதுவோ கறுத்துத் திரும்பியது.
அலையாக இருக்கலாம். கட்டையாக இருக்கலாம்.
வளைந்த ஒன்று.
எழுதினேன்:
எண்ணிக்கை, ஒன்று.
இனம், தெரியவில்லை.
வசிப்பிடம் என்ற கட்டத்தில்
இங்கே.

கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன்.